வாடகையைப் பைசா விடாமல் வசூலிப்பது எப்படி?

திருச்சியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம். மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துப் படுக்கிற வயதை முதுகு தாண்டிவிட்டது. ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு மனசு வராது. ஆகவே நடுத்தரமான செயின் ஹோட்டலில் ஒரே ஒரு ராத்திரி. எந்த ஊரில் எடுத்தாலும் அதே கட்டில், அதே திரைச்சீலை, சுவரில் அதே புரியாத ஓவியம். நல்ல தேர்வு.

முதலில் கணக்கு. வாடகை 3,200 ரூபாய். 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அந்த வகையில் 160. மொத்தம் 3,360. பகல் 2 மணிக்கு உள்ளே, மறுநாள் 12 மணிக்கு வெளியே. 22 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 153 ரூபாய். இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இனி நீங்கள் செய்யப்போவதெல்லாம் அதைத் திரும்ப எடுக்கத்தான்.

1. பில் இல்லாமல் பேசுங்கள், பில்லோடு முடியுங்கள்.

மூன்று செயலிகளில் விலை பாருங்கள். ஒவ்வொன்றிலும் பணம் கட்டும் இடம் வரை போய்த் திரும்பி வாருங்கள். பிறகு ஹோட்டலுக்கே போன் போட்டு, "பில் வேணாம்மா, ஜிஎஸ்டி இல்லாம எவ்வளவு?" என்று கேளுங்கள். செயின் ஹோட்டலில் விலையை நிர்ணயிப்பது எங்கோ இருக்கும் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர். போனை எடுக்கும் பெண்ணால் பத்து ரூபாய் குறைக்க முடியாது. ஆகவே பேரத்தை அவரிடமே வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பேசி, அதே விலைக்கு எடுங்கள். கிளம்பும்போது மறக்காமல் கம்பெனி பெயரில் பில் கேளுங்கள். கல்யாணத்துக்கு வந்ததை 'கிளையன்ட் விசிட்' என்று எழுத அது தேவைப்படும்.

2. செக்-இன் இரண்டு மணிக்கு என்றால் பத்து மணிக்குப் போய் நில்லுங்கள்.

12 மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்து, 2 மணிக்கு நீங்கள் நுழைகிறீர்கள். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, தரை துடைத்து, அடுத்த அறைக்கு ஓடுகிறார்கள். இது உங்கள் கவலை அல்ல. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரிசப்ஷனுக்குப் போய், "ரூம் ரெடியாப்பா?" என்று கேளுங்கள்.

"சார், செக்-இன் ரெண்டு மணிக்குத்தான் சார்."

"எங்க ஊர் லாட்ஜ்ல 24 மணி நேரம் தம்பி. எப்ப வந்தாலும் சாவியக் கையில குடுப்பாங்க."

இதைச் சொல்லும்போது குரல் லாபி முழுக்கக் கேட்க வேண்டும். பிறகு சோபாவில் பைகளைப் பரப்பி, புளிசாதப் பொட்டலத்தைப் பிரியுங்கள். லாபிக்கு மணிக்கணக்கு வாடகை கிடையாது. இப்போதே நாலு மணி நேரம் லாபம்.

3. அடையாள அட்டைக்குச் சண்டை போடுங்கள், பிறகு எல்லாவற்றையும் கொடுங்கள்.

ஆதார் கேட்டதும் அதிருங்கள். "என் பிரைவஸி என்னாகறது?" என்று கேளுங்கள். சுப்ரீம் கோர்ட் என்று ஒரு வார்த்தை போடுங்கள். பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கட்டும். கடைசியில் களைத்துப்போய், ஆதாரை முன்னும் பின்னும் படம் எடுத்து, ரிசப்ஷன் தம்பியின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒன்று இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு நிமிஷ வேலை. சண்டைக்கு இடமே இல்லாமல் செய்துவிடும் என்பதால் அதன் பக்கம் போகாதீர்கள்.

4. இரண்டு பேருக்குப் பதிவு செய்து ஆறு பேர் போங்கள்.

1951-ல் கெம்மன்ஸ் வில்சன் என்ற அமெரிக்கர் குடும்பத்தோடு வாஷிங்டனுக்குக் காரில் போனார். வழியில் தங்கிய விடுதிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் காசு கேட்டன. மனிதருக்குக் கோபம் வந்தது. மறு ஆண்டு மெம்ஃபிஸ் நகரில் 'ஹாலிடே இன்' என்று சொந்தமாக ஒரு விடுதியையே திறந்தார். பெற்றோரோடு தங்கும் பிள்ளைகளுக்குக் காசு இல்லை என்று அறிவித்தார். செயின் ஹோட்டல்கள் உலகம் முழுக்கப் பரவியதில் அந்தக் கோபத்துக்கும் பங்குண்டு.

வில்சன் செலவாளி. நீங்கள் இதைக் காசில்லாமல் முடிக்கலாம். மீசை அரும்பிய மகனுக்கு இன்று ஒருநாள் பத்து வயது. மாமியார் 'சும்மா ரூமப் பாத்துட்டுப் போறாங்க'. மச்சான் பெட்டி தூக்க வந்தவர். மூன்று தவணையாக லிஃப்டில் ஏற்றுங்கள். எக்ஸ்ட்ரா பெட் கேட்காதீர்கள், காசு கேட்பார்கள். 'தலைகாணி மட்டும் நாலு' என்று கேளுங்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்க எட்டுத் தலையணை எதற்கு என்று அவர்களுக்குப் புரியும். கேட்க மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி அப்படி.

5. முதல் அறையை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காரணம் பிறகு யோசிக்கலாம். லிஃப்ட் சத்தம், ஜன்னலில் மலைக்கோட்டை தெரியவில்லை, கட்டிலின் தலைமாடு வடக்கே இருக்கிறது, எதுவும் போதும். சொல்வதற்கு முன் அந்த அறையின் கழிவறையைக் குடும்பத்தோடு உபயோகித்துவிடுங்கள். இரண்டாவது அறையில் பஸ் ஸ்டாண்டு ஹாரன் கேட்கும். மூன்றாவதில் ஏதோ வாடை. இப்போது முதல் அறையே தேவலை என்று திரும்பி வாருங்கள். வந்தவுடன் முதல் வேலையாக, "பாத்ரூம் ஈரமா இருக்கே, கிளீன் பண்ணலியா?" என்று கேளுங்கள்.

பெட்டி தூக்கி மூன்று மாடி அலைந்த தம்பி அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். தமிழ் புரியவில்லை என்றால் அதே தமிழை இன்னும் சத்தமாகப் பேசுங்கள். சத்தத்துக்கு எல்லா மொழியும் புரியும் என்பது உங்கள் அனுபவம்.

6. ஜெயிக்க முடியாத வழக்கைத் தேர்ந்தெடுங்கள்.

மதியச் சாப்பாட்டை ஸ்விக்கியில் வரவழையுங்கள். பிறகு ரூம் சர்வீஸை அழைத்து ஆறு தட்டு, ஆறு ஸ்பூன், நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை கேளுங்கள். பிரியாணியைக் கட்டிலில் வைத்தே சாப்பிடுங்கள். கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே ஒரு வண்ணத் துணி கிடக்கும். அது எதற்கு என்று இத்தனை வருஷமாக யோசித்தீர்களே, எண்ணெய்க் கை துடைக்கத்தான் என்று இன்று முடிவு செய்துவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில் வந்ததும் எழுந்து நில்லுங்கள். எம்.ஆர்.பி.யை விட அதிகம்! ஹோட்டலும் உணவகமும் பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம், தனியாக வாங்கிப் போகும் கடைச் சரக்கும் உட்காரவைத்துப் பரிமாறும் சேவையும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீதிபதிகளிடம் எடுபடாததைத் தட்டு ஏந்தி நிற்கும் தம்பியிடம் எடுத்து வையுங்கள். மானேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இருபது ரூபாய் வித்தியாசத்துக்கு நாற்பது நிமிஷம். மணிக்கு 153 என்ற கணக்கில் இந்த வாதத்துக்கு மட்டும் 102 ரூபாய் ஆகும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

7. கெட்டிலில் தண்ணீர் தவிர எல்லாவற்றையும் கொதிக்க வையுங்கள்.

மேசை மேல் மின்சாரக் கெட்டில், இரண்டு டீ பை, பால் பவுடர், சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். அவற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, கெட்டிலில் மேகி செய்யுங்கள். பிறகு பால் காய்ச்சுங்கள், பொங்கி அடியில் பிடிக்கட்டும். அதன் மேலேயே நான்கு முட்டை வேகவையுங்கள். கழுவ வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது. சாயங்காலம் மாமியார் டீ கேட்பார். முட்டை வாடை அடிக்கும். உடனே ரிசப்ஷனுக்கு அடித்து, "இதுக்கு முன்னாடி தங்கினவங்க இதுல என்னத்தப் பண்ணித் தொலைச்சாங்க?" என்று கேளுங்கள்.

8. ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டு வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

முதல் போனில் டென்டல் கிட். அது வந்ததும் சீப்பு. பிறகு ஷேவிங் கிட், ஷூ பாலிஷ், இரண்டு சோப்பு, இஸ்திரிப் பெட்டி. ஒவ்வொரு முறையும் லிஃப்ட் ஏறி வருபவர் ஒரே ஆள்தான் என்பதைக் கவனியுங்கள். கவனித்தால் போதும். வீட்டு அலமாரியில் இதே மாதிரி நாற்பது சோப்பு ஏற்கெனவே இருக்கிறது. அவை வேறு ஊர்ச் சோப்புகள்.

குளியலறையில் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லி ஒரு சின்ன அட்டை இருக்கும். ராபர்ட் சியால்டினியும் இன்னும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் இந்த அட்டைகளை வைத்தே ஒரு சோதனை நடத்தி 2008-ல் வெளியிட்டார்கள். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சும் அட்டையை விட, இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள் என்று சொல்லும் அட்டைக்கு அதிகம் பேர் இணங்கினார்களாம். ஊரோடு ஒத்து வாழ்வது அமெரிக்கர்களுக்கு. நீங்கள் ஒரு துண்டில் தலை துவட்டுங்கள், ஒன்றில் செருப்பைத் துடையுங்கள், ஒன்றைத் தரையில் போட்டு மிதியுங்கள். வரவேற்புக்குக் கிளம்புமுன் தலைக்கு டை அடித்து நாலாவதில் துடையுங்கள். கறை உடனே கண்ணில் படவும், கொதிநீரில் போட்டு வெளுக்கவும் வசதியாகத்தான் ஹோட்டல்காரர்கள் வெள்ளைத் துணி வாங்குகிறார்கள். அந்த வெளுப்புக்கு ஒரு சவால் வேண்டாமா?

9. யாரும் இல்லாத அறையைக் குளிர வையுங்கள்.

நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகளை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. பணியகம் உங்கள் வாடகையைக் கட்டவில்லை. 16-க்கு இறக்குங்கள்.

கதவோரம் கீ கார்டு செருகும் இடம் இருக்கும். கார்டை எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும். அங்கே உங்கள் ரேஷன் ஸ்மார்ட் கார்டைச் செருகிவிட்டு வரவேற்புக்குப் போங்கள். பல ஹோட்டல்களில் அந்தப் பொறிக்கு இந்த அட்டையும் ஒன்றுதான், அந்த அட்டையும் ஒன்றுதான். நாலு மணி நேரம் காலி அறை மார்கழியாகட்டும். திரும்பி வந்து நடுங்குங்கள். இன்னும் நாலு ரஜாய் கேளுங்கள். ஏசியை மட்டும் கூட்டாதீர்கள். காசு கொடுத்த குளிர்.

10. தூங்காதீர்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். ஆறு மணி நேரம் தூங்கினால், மணிக்கு 153 வீதம், 918 ரூபாயைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுக்கொடுக்கிறீர்கள்.

புது இடத்தில் முதல் ராத்திரி ஏன் தூக்கம் வருவதில்லை என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். மூளையின் இடப் பாதி ஆழ்ந்து தூங்காமல் காவல் இருக்கிறதாம், சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளுமாம். சம்பளம் இல்லாத காவலாளியைச் சும்மா விடாதீர்கள், வேலை கொடுங்கள். டிவிக்கு இரண்டு ரிமோட் இருக்கும், ஒன்றில் பேட்டரி செத்திருக்கும். இரவு பதினொன்றரைக்குப் புது பேட்டரி கேட்டு வாங்குங்கள். வீட்டில் பார்க்கும் அதே சேனலை இங்கே பாருங்கள். பெரியப்பாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு வரவேற்பில் ஐஸ்கிரீம் பற்றாமல் போன கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் காரிடாரில் ஓட விடுங்கள், கம்பளம் விரித்ததே அதற்குத்தான். கதவைச் சாத்தும்போது பக்கத்து அறைக்காரரின் இடப் பாதியும் எழுந்து உட்கார வேண்டும்.

இரண்டு மணிக்கு ஆறு பேரும் ஒரே கட்டிலில் குறுக்காகப் படுங்கள். மச்சானுக்கு ரஜாய் எட்டாது. முகூர்த்தம் ஏழரைக்கு. ஐந்துக்கு எழுந்தால்தான் எல்லோரும் குளித்து முடிக்க முடியும்.

11. கல்யாண டிபனை விட்டுவிட்டு ஓடி வாருங்கள்.

இந்த ஓட்டத்தில்தான் உங்கள் உறுதி தெரியும். மண்டபத்தில் தாலி கட்டியாயிற்று. வாழை இலையில் ரவா கேசரி, நெய் சொட்டும் பொங்கல், கொத்சு, வடை. மாமா கையைப் பிடித்து இழுப்பார். கையை உதறுங்கள். ஹோட்டலில் 'காம்ப்ளிமென்டரி' பஃபே பத்தரை வரைதான். வாடகையோடு சேர்த்துக் கட்டியதை விட்டுவிட்டு, இலவசமாகக் கிடைப்பதைச் சாப்பிட நீங்கள் என்ன ஏமாளியா?

பத்து இருபதுக்கு உள்ளே நுழையுங்கள். ஒரே தட்டில் இட்லி, வடை, பூரி, பொங்கல், நூடுல்ஸ், தர்பூசணி, கேக், அதன் மேல் சாம்பார். தோசை போடுபவர் முன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக நிறுத்தி ஒரு ஆனியன், ஒரு நெய், ஒரு பொடி, ஒரு 'முறுகலா' என்று சொல்லச் சொல்லுங்கள். கார்ன்ஃபிளேக்ஸை வாழ்நாளில் தொட்டதில்லை என்றாலும் ஒரு கிண்ணம் எடுங்கள். சாப்பிட முடியாததைத் தட்டில் விடுங்கள். தட்டில் விட முடியாததை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போடுங்கள். பிளாஸ்க்கைக் காபி மெஷினுக்கு நேரே பிடியுங்கள். இரண்டு பேருக்குத்தான் டிபன் என்று யாராவது மெதுவாக நினைவூட்டினால், "சின்னப் பசங்க எவ்வளவு சாப்பிடப் போறாங்க?" என்று கேளுங்கள். மீசை அரும்பியவன் அப்போது நாலாவது பூரியில் இருப்பான்.

12. படிக்க வேண்டிய ஒரே காகிதத்தைப் படிக்காதீர்கள்.

12 மணிக்கு செக்-அவுட். பதினொன்று ஐம்பதுக்கு, "ரெண்டு மணி வரைக்கும் இருந்துக்கறோமே" என்று கேளுங்கள். நேற்று உங்களைப் பத்து மணியிலிருந்து காக்கவைத்ததைச் சுட்டிக்காட்டுங்கள். பேசிக்கொண்டே பெட்டி கட்டுங்கள். துண்டை எடுக்காதீர்கள், எண்ணுவார்கள். பேனா, குறிப்பேடு, காகிதச் செருப்பு, சலவைப் பை, ராத்திரி வாங்கிய புது பேட்டரி இரண்டு, இவற்றை யாரும் எண்ணுவதில்லை.

பில் வரும். அதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தாலும் இருக்கலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றது. நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். மொத்தத் தங்கலிலும் நியாயம் உங்கள் பக்கம் நிற்கும் ஒரே இடம் இதுதான். ஆனால் தொண்டையைத் தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழித்துவிட்டீர்கள். படிக்காமல் கார்டைத் தேய்த்துவிட்டு நகருங்கள்.

வாசலில் நேற்றைய தம்பி பெட்டியோடு நிற்பார். தோளில் தட்டி, "அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்ப்பா" என்று சொல்லுங்கள். அதைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

13. காரில் ஏறியதும் நட்சத்திரம் போடுங்கள்.

ஐந்துக்கு இரண்டு. "ஆவரேஜ் ஸ்டே. சர்வீஸ் ஸ்லோ. துண்டில் கறை. கெட்டிலில் முட்டை வாடை. பக்கத்து அறையில் ஒரே சத்தம்." ஓடி ஓடி வந்த தம்பியின் பெயரைச் சட்டையில் பார்த்து வைத்திருப்பீர்கள். புகாரில் சேருங்கள், அவர் மட்டும்தான் அகப்பட்டவர். மனம் ஆறவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவர்களும் அதில்தான் அழைக்கிறார்கள். ஆறிப்போன வடைக்காக நீங்களும் வரிசையில் சேருங்கள்.

இப்போது கணக்கை முடியுங்கள். வரவு: சோப்பு ஆறு, டீ பை இரண்டு, பேட்டரி இரண்டு, வடை நாலு, ஒரு பிளாஸ்க் காபி. கூட்டிப் பார்த்தால் முந்நூறு ரூபாய் தேறும். ஹோட்டல்காரர் 3,360 ரூபாய்க்கு விற்றது சுத்தமான விரிப்பில் ஒரு ராத்திரித் தூக்கம். அதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சத் தூக்கத்தை வீட்டுக்குப் போய் உங்கள் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்ளுங்கள்.